வெளியே தெரியாத நார்கள்

கடமையான தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகள், 34 ஸுஜூதுகள். ஒவ்வொரு ஸுஜூதுக்கும் முழங்கால் மடங்குகிறது. இத்தனை பணி செய்யும் மூட்டை, வலி வரும்வரை நாம் நினைப்பதேயில்லை.

எங்கள் உம்மாவுக்கு வலி வந்தபோது, முழங்காலின் வெளிப்பக்கச் சவ்வு கிழிந்திருக்கலாம் என்றது எம்.ஆர்.ஐ. அறிக்கை. அறுவை சிகிச்சையோ என அஞ்சினோம். மூட்டு மருத்துவரோ காலை மடக்கியும் நீட்டியும் சோதித்துவிட்டு, "இது கிழிசல் அன்று, ஒரு தசைநார் சவ்வோடு சேருமிடம். வலிக்குக் காரணம் தேய்மானமே" என்றார்.

அதன்பின் நாங்கள் படித்தறிந்தவை வியப்பளித்தன. முழங்காலின் நான்கு பெரிய தசைநார்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. ஆனால் வெளிப்பக்கச் சவ்வின் பின்முனையைத் தொடையெலும்போடு பிணைக்கும் இரு சிறு நார்கள் அப்படியல்ல. பின் குறுக்குத் தசைநாருக்கு முன்னே செல்வது ஹம்ஃப்ரி நார். பின்னே செல்வது ரிஸ்பெர்க் நார். சிலருக்கு இரண்டும் உண்டு, சிலருக்கு ஒன்றே, வெகு சிலருக்கு இரண்டுமே இல்லை. இவை சவ்வில் இணையுமிடம் படத்தில் கிழிசல்போலத் தோன்றுவதுண்டு.

மூட்டின் முன்வெளிப்புறத்தில் ஒரு நார்ப்பட்டை இருப்பதை 1879இல் பிரெஞ்சு மருத்துவர் செகோன் எழுதினார். 2013இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் 41 முழங்கால்களில் 40இல் அதைக் கண்டதாக அறிவித்தனர். வேறு சிலரோ குறைவாகவே கண்டனர். அது தனித் தசைநாரா, மூட்டுறையின் தடிப்பா என்றும் வாதிட்டனர்.

மருத்துவர் உடற்பயிற்சியும் நாற்காலித் தொழுகையும் பரிந்துரைத்தார். உம்மாவோ, "என் தொழுகை குறைந்துவிடாதா? பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று கலங்கினார்கள். மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியை நினைவூட்டினோம்: நின்று தொழ வேண்டும்; இயலாவிடில் அமர்ந்து; அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்து. முதல் கேள்விக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம். தேர்ந்த மருத்துவரே படத்தை மட்டும் நம்பாமல் தொட்டுச் சோதித்தபின் முடிவு சொல்லும்போது, நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் இயலாமையை ஒரு பார்வையில் அளந்துவிட நாம் யார்?

படைப்பின் நுட்பங்களை முற்றும் அறிந்த இறைவன், நம் நாவுகளைப் பேணிக் காப்பானாக! ஆமீன்.