கையில் எவ்வளவு இருக்கு?

கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் சாலையில் ஷேர் ஆட்டோ எங்களை இறக்கிவிட்ட இடத்தில் கட்டடம் நான்காவது தளம்வரை எழும்பியிருந்தது. தரைத்தளத்தில் ஒரே ஒரு வீட்டை மட்டும் முழுதாக முடித்து, ஏசி போட்டு, ‘மாதிரி வீடு’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். செருப்பை வெளியே விடச் சொன்னார் விற்பனைப் பிரிவு இளைஞர். என் அக்கா மகனைவிட அவருக்கு இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். ஒருநாள் அவரும் வீடு தேடி அலைவார்.

அக்கா மகனுக்கு 29 வயது. சிறுசேரியில் மென்பொருள் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 55,000 ரூபாய். அவன் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 28,000. மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். “பத்திரம் கித்திரம் எனக்கு ஒண்ணும் புரியாது மாமா, நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டான். எனக்கும் பார்க்க ஆசை. நான் அவன் வயதில் இருந்தபோது கூடுவாஞ்சேரி என்பது ரயிலில் தூங்கிவிட்டால் கடந்துபோகிற ஊர்.

படுக்கையறைக் கட்டில் அழகாக இருந்தது. பையில் வைத்திருந்த டேப்பை எடுத்து அளந்தேன். நீளம் ஐந்தேமுக்கால் அடி. கொஞ்சம் உயரமான ஆள் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். உள்ளறைகளுக்குக் கதவே மாட்டவில்லை. கதவு இல்லாவிட்டால் அது அடைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது, அறையும் பெரிதாகத் தோன்றும். இளைஞர் சிரித்துக்கொண்டே, “சாரும் பில்டிங் லைனா?” என்றார்.

விலைத்தாளில் 960 சதுர அடி, சதுர அடிக்கு 5,800 என்று இருந்தது. கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டதும் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சிறிய எழுத்தில் 662. மீதியெல்லாம் வெளிச்சுவர், மாடிப்படி, லிஃப்ட், நடைவழி. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியாவைக் காட்டியே ஆகவேண்டும். பேச்சும் பேரமும் மட்டும் இன்னும் பழைய கணக்கில்தான் நடக்கிறது. நாம் கால்வைத்து நடக்கிற இடத்துக்கு மட்டும் வகுத்துப் பார்த்தால் சதுர அடி 8,400ஐத் தாண்டுகிறது.

பிறகு கணக்குப் போட உட்கார்ந்தோம். வீடு 55 லட்சத்து 68 ஆயிரம். கார் நிறுத்தம், மின் இணைப்பு, பராமரிப்பு வைப்பு என்று சேர்த்து 60 லட்சம் ஆனது. கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டி, 3 லட்சம். விலை 45 லட்சத்துக்குள் இருந்து, பரப்பளவும் வரம்புக்குள் வந்திருந்தால் மலிவு வீடு என்ற கணக்கில் 1 சதவீதத்தோடு போயிருக்கும். அந்த 45 லட்சம் 2019இல் வகுத்த எல்லை. அன்றைக்கு இந்தப் பக்கத்தில் அந்த விலைக்குள் தாராளமாக வீடு கிடைத்தது. புதிய அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு 50 லட்சம்வரை முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்ந்து 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடிவரை 7. எங்களுக்கு 7, அதாவது 4 லட்சத்து 20 ஆயிரம். ஆக மொத்தம் 67 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

“லோன் ஈசி சார், மாசம் நாற்பதாயிரம்தான்” என்றார் இளைஞர். அதில் பொய்யில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம்வரையிலான கடன் என்றால் வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும். 60 லட்சத்தில் 48 லட்சம். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை 40,000க்குக் கொஞ்சம் மேலே. இரண்டு சம்பளத்தில் பாதி போகும். இறுக்கிப் பிடித்தால் ஓட்டிவிடலாம்.

ஆனால் அந்த மதிப்பில் முத்திரைத்தீர்வையும் பதிவுச்செலவும் சேராது. ஆகவே கடன் போக மீதி 12 லட்சம், வரி 3, பதிவு 4.20 என்று 19 லட்சத்துக்கு மேல் கைக்காசு வேண்டும். அவனிடம் ஆறு லட்சம் இருக்கிறது. ஐந்து வருடச் சேமிப்பு. மாதம் 20,000 தனியாக எடுத்து வைத்தாலும் மிச்சம் 13 லட்சத்தைச் சேர்க்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை சதுர அடி 5,800லேயே நிற்குமா என்று இளைஞரைக் கேட்டேன். “அடுத்த மாசமே இருநூறு ஏறுது சார். இன்னிக்கே ஒரு லட்சம் போட்டு புக் பண்ணிடுங்க” என்றார். எழுதிப் பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது அதே ரியல் எஸ்டேட் சட்டம். ஒரு லட்சம் அதற்குள் வரும், தப்பில்லை. ஆனாலும் பணம் கட்டாமல்தான் கிளம்பினோம்.

ஆட்டோவில் அவன் போனைத் தட்டிக்கொண்டே, “பிரதமர் வீட்டுத் திட்டத்துல வட்டி மானியம் இருக்காம் மாமா” என்றான். இருக்கிறது. 2024இல் தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டம், அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள். இரண்டிலும் இவர்கள் வெளியே.

அடுத்து கோவைக்குப் போய்ப் பார்த்தோம். காரணம், அவன் கம்பெனிக்கு அங்கே ஒரு கிளை இருப்பது. மாற்றல் கிடைக்கும், சம்பளம் குறையாது. சரவணம்பட்டி அடுக்ககங்கள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூடுவாஞ்சேரி விலையிலிருந்து நூறு இருநூறு முன்னே பின்னே, அதே கட்டில், அதே கதவில்லாத அறை. ஐ.டி. சம்பளம் எங்கே போகிறதோ அங்கே விலையும் கூடவே போய்விடுகிறது.

சத்தி ரோட்டில் ஒரு தரகர் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். முதலில் சரவணம்பட்டிக்குள்ளேயே பழைய வீடு ஒன்றைக் காட்டினார். மூன்று சென்ட், ஓட்டுக்கூரை மாற்றித் தளம் போட்டது, குடிநீர் இணைப்பு உண்டு. விலை 62 லட்சம். “பத்திரத்துல 38 போட்டுக்கலாம்ங்க. மிச்சம் கையில குடுத்தீங்கன்னா போதும்” என்றார், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதுபோல.

இதுதான் சம்பளக்காரர்களை மாட்டவைக்கும் இடம். வங்கி 38 லட்சத்தைப் பார்த்துத்தான் கடன் தரும், அதிகம் போனால் 30. மீதி 32 லட்சத்துக்கு வழி பார்க்க வேண்டும். அதில் 24 லட்சம் கணக்கில் வராத ரொக்கம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015இலேயே வருமான வரிச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. சட்டம் கிடக்கட்டும், இவனிடம் ரொக்கம் ஏது? இவனுக்கு வருகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாக, வரி பிடித்துக்கொண்டுதான் வருகிறது. கடை வைத்திருப்பவரோ வட்டிக்கு விடுபவரோ அந்த வீட்டை அடுத்த வாரமே முடித்துவிடுவார்.

கோவில்பாளையம் தாண்டி அன்னூர் பக்கம் போனால் மனை சென்ட் ஆறு லட்சம் என்றார். “அத்திக்கடவுத் தண்ணி வந்தாச்சுங்க, இனி ஏத்தந்தான்.” அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது உண்மை. அது குளம் குட்டைகளை நிரப்பி நிலத்தடி நீரை ஏற்றுவதற்கான திட்டம், மனை வாங்கியவர் வீட்டுக் குழாயில் வராது. அதைச் சொன்னதற்குத் தரகர், “போர் போட்டா ஊறும்ல” என்றார். பதில் சரிதான்!

மூன்றரை சென்ட் 21 லட்சம், பதிவு 9 சதவீதம், ஆயிரம் சதுர அடி கட்ட 23 லட்சம். கூட்டினால் கூடுவாஞ்சேரியைவிட 21 லட்சம் குறைவு. காலடியில் சொந்த மண் வேறு. கைக்காசும் 11 லட்சத்தோடு முடிந்துவிடும். ஆனால் அங்கிருந்து அவன் மனைவிக்குப் பள்ளி எங்கே? கோவில்பாளையத்தில் ஒரு பள்ளியில் விசாரித்தோம். 16,000 தருவார்களாம். வீட்டில் மிச்சமானது சம்பளத்தில் போகிறது.

அடுத்து மதுரை. அது எங்கள் ஊர்ப் பக்கம். ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்த மாதிரி மனைகள். தரகர் என்னை “அண்ணே” என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் விலையையே சொன்னார். மாட்டுத்தாவணியில் டைடல் பார்க் வருகிறது, ஆகவே ஏறும். தோப்பூர்ப் பக்கம் எய்ம்ஸ் வருகிறது, ஆகவே ஏறும். எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் தொடங்க ஐந்து வருடமானது. அதற்குள் அந்தப் பெயரைச் சொல்லி விற்ற மனைகள் எத்தனை கை மாறினவோ! ஆஸ்பத்திரிக்கு முன்பே விலை வந்துவிட்டது. அக்கா மகன் இங்கே வந்தால் உள்ளூர்க் கம்பெனியில் 30,000 கிடைத்தால் பெரிது. வீட்டிலிருந்தே வேலை என்று இருந்த காலத்தில் மதுரையில் உட்கார்ந்து சென்னைச் சம்பளம் வாங்கினான். இப்போது வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு வரச் சொல்கிறார்கள்.

நான் அதிகம் கவனித்தது மனையை அல்ல. திரும்பும் வழியில் தரகரே அழைத்துப்போன ஒத்தி வீட்டை. கீழே வீட்டுக்கார அம்மா, மாடியில் இரண்டு அறை, ஒரு அடுப்படி. குடியிருப்பவர் டூவீலர் ஷோரூமில் வேலை பார்க்கும் இளைஞர், கைக்குழந்தையோடு மனைவி. வாடகை கிடையாது. ஆறு லட்சம் ஒத்திப் பணம், மூன்று வருடம். காலி செய்யும்போது ஆறு லட்சத்தையும் அப்படியே திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இதே மாடிக்கு வாடகை 8,000 போகும். ஆறு லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 3,500 வரும். ஆகவே மாதம் 4,500 லாபம். இந்தக் கணக்கை அந்த இளைஞர் விரல்விட்டே சொன்னார்.

ஆறு லட்சம் எப்படி வந்தது? நான்கு லட்சம் சீட்டு எடுத்தது, இரண்டு லட்சம் மனைவியின் நகையை அடகு வைத்தது. நகைக்கு வட்டி கட்டுகிறார், ஆகவே லாபம் அவர் சொன்ன அளவு இல்லை. ஆனாலும் ஆறு வருடத்தில் மூன்றாவது ஒத்தி இது. முதலாவது மூன்று லட்சத்துக்கு. ஒவ்வொரு முறையும் தொகையைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே போய் ஒருநாள் அதையே மனைக்கு முன்பணமாக்குவது அவர் திட்டம். சென்னை இளைஞருக்கு இல்லாத ஒரு படி இங்கே இருக்கிறது என்று முதலில் எனக்குத் தோன்றியது.

கீழே வந்து வீட்டுக்கார அம்மாவிடம் பேசியபோது இன்னொரு பக்கமும் தெரிந்தது. மாடியைக் கட்டியதே ஒத்திப் பணத்தில்தான். “பேங்குக்குப் போனா சம்பளச் சீட்டு கேக்குறாக தம்பி. நான் எங்கிட்டுப் போக? கீழ்வீட்ட ஒத்திக்கு விட்டு மாடியக் கட்டினேன். மாடிய ஒத்திக்கு விட்டு அவுகளுக்குத் திருப்பிக் குடுத்துட்டுக் கீழ வந்துட்டேன்.” வீடில்லாத இளைஞர்கள் சீட்டும் நகையும் போட்டு, வீடுள்ளவருக்கு மாடி எழுப்பிக் கொடுக்கிறார்கள். அந்த அம்மா மேல் குறையில்லை. அவருக்கும் வேறு வழி கிடையாது. ஒத்தி முடியும் நாளில் அவர் கையில் ஆறு லட்சம் இருக்காது, அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் மாடிக்காரருக்குப் பணம். ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதியது, பதிவு செய்யவில்லை. ஒத்தியும் அடமானத்தில் ஒரு வகைதான், பதிவு செய்தால்தான் செல்லும். வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா என்று மாடிக்காரரைக் கேட்டேன். “தெரிஞ்சவுக அண்ணே” என்றார்.

சாயங்காலம் மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனோம். கூடுவாஞ்சேரிக் கணக்கை அத்தான் பொறுமையாகக் கேட்டார். அவர் பெயரில் எழுபது சென்ட் புஞ்சை இருக்கிறது, நான்கு வருடமாகத் தரிசு. “வித்துருவோம். சென்ட் முப்பத்தஞ்சுன்னு கேட்டுட்டுப் போனாங்க. இவனுக்கு ஒரு வழி பண்ணிரலாம்” என்றார். முப்பத்தைந்தாயிரம் என்றால் இருபத்து நான்கரை லட்சம். கூடுவாஞ்சேரியின் 19 லட்சம் அதற்குள் அடங்கும். இவனோடு வேலை பார்க்கும் பையன்களில் வீடு வாங்கியவர்கள் எல்லோர் கதையும் இதுதானாம். தஞ்சாவூர் நிலம், தேனித் தோப்பு, மாமனார் போட்ட நகை. சம்பளத்தை மட்டும் வைத்து வாங்கிய ஒருத்தன் பெயரும் இவனுக்கு நினைவு வரவில்லை. எழுபது சென்ட் இல்லாத வீட்டுப் பிள்ளை 83,000 சம்பாதித்தாலும் மேடவாக்கத்து வாடகையில்தான் இருக்க வேண்டும்.

அக்கா மகள் விடுமுறைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை, 18,000 சம்பளம், விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர். கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா எதையோ சொல்ல ஆரம்பித்ததும் இடைமறித்தாள்.

“அது தாத்தா வச்சுட்டுப் போன நிலம். வித்தா எனக்குப் பாதி. பெண்ணுக்குச் சமபங்குன்னு சட்டமே இருக்கு மாமா, நீங்களே சொல்லுங்க.”

இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது. சொன்னேன். அத்தான் வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார். அத்தான் தன் பங்கையும் பிள்ளைகளுக்கே விட்டால்தான் பாதி, அதாவது பன்னிரண்டேகால் லட்சம். அண்ணனின் ஆறோடு சேர்த்தால் பதினெட்டேகால், கூடுவாஞ்சேரிக்கு ஒரு லட்சம் குறைகிறது, அன்னூருக்குப் போதும். அவள் அதற்குள் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து நீட்டினாள். ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு கம்பெனி ஒட்டியிருந்த சுவரொட்டி, ஒற்றைப் படுக்கையறை வீடுகள். “28 லட்சமாம். எனக்கு லோன் எவ்வளவு தருவாங்க?”

பதினொரு லட்சம் கிடைத்தால் அதிகம் என்றேன். பன்னிரண்டேகாலையும் பதினொன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப வட்டி மானியத்தையும் சேத்துச் சொல்லுங்க, எனக்குத்தான் சம்பளம் கம்மியாச்சே” என்று பேனாவை எடுத்தாள். அண்ணன் தன் தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.