நாற்காலி மாறிய ஊர்

மாலையில் மாசாய் சாலையோரம் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஷிப்ட் மாறும் நேரம். நீலச் சட்டைக்காரர்கள் இறங்குகிறார்கள், சாம்பல் சட்டைக்காரர்கள் ஏறுகிறார்கள். வேலைக்குப் போகிறவரின் நடை எது, முடித்து வருகிறவரின் நடை எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். பின்னால் புகைபோக்கிகள், எண்ணெய்த் தொட்டிகள், 1977இல் திறந்த ஜொகூர் துறைமுகத்தின் பளுதூக்கிகள். ஏறத்தாழ 2,000 தொழிற்சாலைகள் உள்ள பாசிர் கூடாங் வட்டாரம் இது. ரசாயன ஆலைகள் மட்டுமே 250க்கு மேல்.

தாமான் பாசிர் பூத்தே பக்கம் ஒரு வீட்டில் ஓர் அம்மா ஜன்னல் கதவை இரண்டு விரற்கடை திறக்கிறார். மூக்கை அந்த இடைவெளியில் வைத்து ஒரு கணம் நிற்கிறார். பிறகுதான் கதவை முழுக்கத் தள்ளுகிறார். துணியைக் கொடியிலிருந்து எடுக்கும்போதும் அதேதான்: முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மடிக்கிறார். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்ணுக்கும் அதே பழக்கம். இது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல.

2019 மார்ச் 7ஆம் தேதி விடியுமுன், ஒரு லாரி கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது. முதலில் மயங்கியவர்கள் ஆற்றை ஒட்டிய பள்ளிகளின் பிள்ளைகள். நான்கு நாள் கழித்து வெயிலும் காற்றும் சேர்ந்து இரண்டாவது அலை வந்தது. அது முதலாவதைவிடப் பெரியது. மூச்சுத்திணறல், வாந்தி என்று ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினார்கள். பூப்பந்தும் பரிசளிப்பு விழாவும் நடக்கிற உள்விளையாட்டு அரங்கம் மருத்துவ முகாமானது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. பிரதமர் மகாதீர் வந்து பார்த்தார். நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது, அவசரநிலை தேவையில்லை என்றார். ஜூன் மாதம் பிள்ளைகள் மறுபடி மயங்கினார்கள். இம்முறை மூடிய பள்ளிகள் 475.

இரண்டு மூடல்களுக்கும் நடுவே இருந்த மூன்று மாதத்தை நான் மன்னிப்பதாக இல்லை. மார்ச்சில் நடந்தது குற்றம். ஆலை இயக்குநர்கள்மீதும் லாரி ஓட்டுநர்மீதும் அம்மாதமே குற்றம் சாட்டினார்கள். ஆனால் ஜூனில் நடந்ததற்கு ஆட்சியில் இருந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று மார்ச்சில் தாய்மார்களுக்குச் சொல்லி அனுப்பியது அவர்கள்தான்.

அப்போது ஆட்சியில் பக்காத்தான் ஹராப்பான். ‘புக்கு ஹராப்பான்’ என்ற தடித்த தேர்தல் அறிக்கையோடு 2018 மே மாதம் வந்தவர்கள். ஜிஎஸ்டியை எடுத்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். டோல் போகவில்லை. கடுஞ்சட்டங்கள் போகவில்லை. தேர்தல் அறிக்கை வேதநூல் அல்ல, வழிகாட்டி மட்டுமே என்ற பொருளில் பிரதமரே பேசினார். எதிர்வரிசையில் ஜொகூர் உறுப்பினர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார்: ஆயர் ஹீத்தாம் தொகுதியின் வீ கா சியோங். 2018 தேர்தலில் மலேசிய சீனர் சங்கத்தின் (மசீச) சார்பில் நாடாளுமன்றத்துக்கு மிஞ்சிய ஒரே ஆள். தனி ஆளாக எழுந்து அறிக்கையின் பக்கங்களைக் காட்டிக் காட்டிக் கேட்டார். 2019 நவம்பர் 16ஆம் தேதி, இதே மாநிலத்துத் தஞ்சோங் பியாய் இடைத்தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். 2018இல் ஹராப்பான் 524 வாக்குகளில் வென்ற தொகுதி அது. மசீச அடங்கிய தேசிய முன்னணி 15,086 வாக்கு வித்தியாசத்தில் அதைத் திரும்ப எடுத்தது.

நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஹராப்பான் ஆட்சி கவிழ்ந்து, கேட்டவர் அமைச்சரானார். போக்குவரத்து அமைச்சர். பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் எதிர்வரிசைக்குப் போய், கேட்கத் தொடங்கினார்கள். கிம் கிம் ஆறு நாறிய 2019 மார்ச்சுக்கும் 2022 நவம்பருக்கும் இடையில் நாடு நான்கு பிரதமர்களைப் பார்த்தது: மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி, அன்வார். ஜொகூர் நான்கு மந்திரி பெசார்களை, அதாவது மாநில முதல்வர்களைப் பார்த்தது: ஒஸ்மான் சாப்பியான், சஹ்ருடின், ஹஸ்னி, ஓன் ஹாஃபிஸ். நாற்காலி இத்தனை வேகமாகச் சுற்றும்போது ஒரு கோப்பு யார் மேசையில் நின்றது என்று எந்தத் தாய் தேடிப் போவாள்?

பாசிர் கூடாங்கின் நாடாளுமன்ற உறுப்பினர் ஹசான் அப்துல் கரீம். ஹராப்பானின் கெஅடிலான் கட்சிக்காரர், வழக்கறிஞர், ஒரு காலத்தில் பார்ட்டி ராக்யாட் மலேசியாவின் தலைவர். 2018இல் அவர் இங்கே வீழ்த்தியது சாதாரண ஆளையல்ல. மந்திரி பெசாராக இருந்த, அதற்கு முன் இதே தொகுதியை 2004 முதல் 2013 வரை வைத்திருந்த காலிட் நோர்டினை. ஹராப்பானும் தேசிய முன்னணியும் கைகோத்த 2022க்குப் பிறகு இருவரும் மக்களவையில் ஒரே பக்கம். காலிட் அமைச்சர். ஹசான் பின்வரிசையில்.

அவரிடம் நான் மதிப்பது அந்தப் பின்வரிசையைத்தான். ஆளும் தரப்பு இருக்கையில் உட்கார்ந்துகொண்டே தன் அரசைக் குறை சொல்ல அவர் தயங்குவதில்லை. சொந்தக் கட்சி சங்கடப்படும், சொல்கிறார். சீர்திருத்தம் என்று சொல்லித்தானே வாக்குக் கேட்டோம் என்பது அவர் பேச்சின் அடிநாதம். எதிர்க்கட்சியில் இருக்கும்போது கேட்பதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டியதில்லை. அதற்குத்தான் அந்த வரிசையே. வென்ற பிறகும் கேட்பவர்களை இந்நாட்டில் விரல்விட்டு எண்ணலாம்.

மாநிலத்தில் கதை வேறு. 2022 மார்ச் தேர்தலில் 56 இடங்களில் 40ஐ தேசிய முன்னணி எடுத்தது, ஹராப்பானுக்கு 12. புத்ராஜெயாவில் கைகோத்தவர்கள் கோத்தா இஸ்கண்டார் சட்டமன்றத்தில் எதிரெதிரே உட்கார்கிறார்கள். பாசிர் கூடாங் தொகுதிக்குள் அடங்கும் இரண்டு சட்டமன்ற இடங்களில் பெர்மாஸ் ஆளும் தரப்பு, ஜொகூர் ஜெயா எதிர்த்தரப்பு. ஒரே ஊரில், ஒரே கட்சிக்காரர் காலையில் அரசு, மாலையில் எதிர்க்கட்சி.

சந்தைப் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் அதைக் கண்ணால் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞர், கையில் துண்டறிக்கைக் கட்டு, மேசை மேசையாகப் போகிறார். ஆண்கள் வாங்கி, பார்க்காமலே தே தாரிக் குவளையின் அடியில் வைக்கிறார்கள். காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மட்டும் கண்ணாடியை எடுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் படித்துவிட்டு அவரை நிறுத்துகிறார்.

“இதுல காத்தப் பத்தி ஒண்ணும் இல்லையே தம்பி.”

“அது மாநிலம் ஆன்ட்டி. மாநிலத்துல நாங்க எதிர்க்கட்சி.”

“நாட்டுல?”

இளைஞர் சிரிக்கப் பார்க்கிறார். அம்மா சிரிக்கவில்லை. “நாட்டுல நீங்கதானே? சுற்றுச்சூழல் இலாகா நாட்டுதா, மாநிலத்துதா?”

சரியான கேள்வி. அது மத்திய அரசின் இலாகா. 2019இல் புதுச் சட்டம் வரும், 1974இன் சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்குப் பதிலாக வரும் என்றார்கள். பழைய சட்டத்துக்கே 2024இல் திருத்தம் வந்தது. உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் ஆனது. பெரிய தொகைதான், முன்னேற்றம்தான். ஆனால் அபராதம் கொட்டிய பிறகு வருவது. கொட்டுமுன் யார் பார்க்கிறார்கள், அளவுமானி எந்தத் தாமானில் நிற்கிறது, அளவு ஏறினால் பள்ளிக்கு எத்தனை நிமிடத்தில் செய்தி போகும்: இவற்றைத்தான் அந்த அம்மா கேட்கிறார்.

இளைஞர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. துண்டறிக்கையைத் திருப்பி வெற்றுப் பகுதியில் எழுதத் தொடங்கினார். அம்மா சொல்லச் சொல்ல எழுதினார்: எந்தப் பள்ளி, எந்த வரிசை வீடு, எந்த நேரத்தில் வாடை. எழுதி முடித்ததும் “ஒய்பிகிட்ட குடுக்குறேன் ஆன்ட்டி, சீக்கிரமே பதில் வரும்” என்று எழுந்தார்.

“உட்காரு தம்பி. வாசி.”

வாசித்தார். அம்மா இரண்டு இடத்தில் திருத்தினார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“‘சீக்கிரம்’னு எழுதியிருக்க. அத அடிச்சிட்டுத் தேதி போடு.”