குருகு – ஒருவகைப் பறவை



"குருகு என்றால் என்ன ஐயா?"

கிள்ளானில் என்னிடம் தொடக்கப்பள்ளியில் பயின்று, பின்னர் குடும்பத்தோடு பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிபெயர்ந்த மாணவி ஒருத்தி கேட்டாள். இப்போது படிவம் ஐந்தில் பயில்கிறாள். அவள் கையில் குறுந்தொகையின் 25ஆம் பாடல் இருந்தது. கபிலர் பாடியது. தலைவன் தன்னைக் களவில் கூடிய நாளில் வேறு சாட்சி எவருமில்லை, ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஒன்றுதான் அங்கிருந்தது எனத் தலைவி வருந்தும் பாடல்.

"அது ஒருவகைப் பறவை" என்றேன்.

"எந்த வகை ஐயா?"

இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் எனக்கு விடை தெரியவில்லை. என் ஆசிரியர் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது.

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு நாள், நான் கிள்ளானிலிருந்தும், அவளும் அவள் தந்தையாரும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் புறப்பட்டு, டிங்கிலுக்கு அருகிலுள்ள பாயா இண்டா ஈரநிலப் பூங்காவில் சந்தித்தோம். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலம் அது. தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து குட்டைகளாகி, கோரையும் தாமரையும் வளர்ந்து, பறவைகள் குடியேறிவிட்டன. 2008ஆம் ஆண்டு முதல் வனவிலங்குத் துறையின் பொறுப்பில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட இடம்.

நீலத் தாழைக்கோழியைக் காண்பதில் சிரமமில்லை. சிவந்த அலகும் நீலமேனியுமாகத் தாமரை இலைகளின்மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடந்துகொண்டிருந்தது. அடுத்துப் புதருக்குள்ளிருந்து "குவாக், குவாக்" என்று ஓயாத குரல். மாணவியின் தந்தையார் திரும்பிப் பாராமலேயே, "ருவாக் ருவாக் ஐயா! தோட்டத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த கால்வாயில் தினமும் கத்தும்" என்றார். சிறிது நேரத்தில் வெண்ணிற முகமும் மார்புமாக அது வெளியே வந்து, குட்டை வாலை ஆட்டியபடி ஓடி மறைந்தது. அதுதான் கானாங்கோழி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குப் பறவையைத் தெரியும், தமிழ்ப்பெயர் தெரியாது. எனக்குப் பெயர் தெரியும், பறவையைத் தெரியாது.

குருகு மட்டும் அகப்படவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மாணவி கோரைப்புல்லைச் சுட்டிக் காட்டினாள். நான் தொலைநோக்கியை உயர்த்தவும் என் கைப்பேசி அலறவும் சரியாக இருந்தது. மஞ்சளும் பழுப்புமான உடலில் கருநிறச் சிறகுகள் பளிச்சிட ஏதோ ஒன்று எழுந்து பறந்து போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் பேசாதே, அசையாதே என்று எத்தனை முறை அவளை அதட்டியிருப்பேன்!

கைப்பேசியை அணைத்துவிட்டு மீண்டும் அமர்ந்தோம். வெயில் ஏறிய பிறகு, அதே கோரையில் ஒரு தண்டு மெல்ல நகர்ந்தது. தண்டன்று, மஞ்சள் குருகு! ஏறத்தாழ ஒன்றரைச் சாண் நீளந்தான் இருக்கும். ஆபத்தை உணர்ந்தால் அலகை வானோக்கி நிமிர்த்தி அசையாமல் நின்றுவிடும். கழுத்திலுள்ள கோடுகள் கோரையோடு கலந்துவிடும். இப்போதோ அது எங்களைப் பொருட்படுத்தவேயில்லை. இரு தண்டுகளைக் கால்களால் பற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, நீரையே உற்று நோக்கியது. பத்து நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு ஒரே குத்து. அலகில் சிறு மீன்.

மாணவி தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ஐயா, அது மீனை மட்டுந்தானே பார்த்தது? நம்மைப் பார்க்கவேயில்லை. இது எப்படிச் சாட்சி சொல்லும்?"

என்னால் உடனே பேச முடியவில்லை. இருந்த ஒரே சாட்சியும் எதையும் பாராத சாட்சி. தலைவியின் துயரம் அங்கேதான் இருக்கிறது. உரை நூலில் அதை நான் படித்ததுண்டு, வகுப்பில் சொன்னதும் உண்டு. ஆனால் அவள் அதைத் தானே கண்டுபிடித்தாள்.

கபிலர் கண்ட குருகு இதுவேதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பழந்தமிழில் அச்சொல் நாரை, கொக்கு ஆகியவற்றையும் குறித்தது. இன்று மஞ்சள் குருகு, செங்குருகு, கருங்குருகு என இவ்வினத்துக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. எதுவாயினும், மீனுக்காகக் காத்து நிற்கும் அந்த நிலை ஒன்றுதான்.

ஆசிரிய நண்பர்களே, 'ஒருவகைப் பறவை', 'ஒருவகை மரம்' என்று நாம் சொல்லிக் கடந்த சொற்கள் எத்தனை! பெற்றோர்களே, தோட்டத்தில் நீங்கள் கண்ட பறவைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள், சேர்ந்து தேடுவோம். ஒரு விடுமுறைக் காலையில் அவர்களை நீர்க்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியை மட்டும் மறவாமல் அணைத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்