38 குண்டுகள், 5 ஆறுகள்... தாத்தாவின் சைக்கிளில் திருவையாறு வழியாக ஒரு பயணம்!

"ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார். அந்த சைக்கிளைப் போட்டுடலாம்!"

அப்பா போனில் சொன்னபோதுதான் அந்த ஹெர்குலிஸ் எனக்கு ஞாபகம் வந்தது. தாத்தா விதைநெல் மூட்டையைக் கேரியரில் கட்டி வயலுக்கு ஓட்டிய சைக்கிள். நான் குரங்கு பெடல் போட்டுப் பழகியதும் அதில்தான். 1949-ல் முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் தயாரிப்பு.

சனிக்கிழமை ஊருக்குப் போய், மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தேன். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால், 'கரகர'வென அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. உடனே ஒரு குட்டியானையில் ஏற்றி, தஞ்சாவூர் கரந்தைக்குக் கொண்டுபோனேன். அங்கே 'ஓவராயில் செய்யப்படும்' என்று போர்டு வைத்த பழைய சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார்.

"ஆத்துல எறக்கிக் கழுவுவீங்களா தம்பி?"

"ஆமாங்கய்யா. தாத்தா அப்படித்தான் கழுவுவார்."

"டெல்டாக்காரங்க எல்லாரும் அப்படித்தான். வெளியில பளபளன்னு இருக்கும். தண்ணி ஹப்புக்குள்ள போயி கிரீஸைக் கெடுத்துடும். அப்புறம் குண்டு துருப்பிடிச்சு அரைக்க ஆரம்பிச்சுடும்."

அச்சைக் கழற்றியதும் பழுப்பு நிறத்தில் குண்டுகள் தட்டில் உதிர்ந்தன. பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9, ஒவ்வொன்றும் கால் அங்குலம். முன்சக்கரத்தில் அதைவிடச் சின்னது, பக்கத்துக்கு 10. ஆக, 38 குண்டுகள். ஆளையும் நெல் மூட்டையையும் இத்தனை வருடம் தாங்கியவை இவைதான்!

அடுத்த நிமிடம்தான் எனக்குப் படபடப்பு. குண்டு உருளும் கோனிலும் கப்பிலும் குழி விழுந்திருக்கிறதா என்று, மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டுப் பேனா முனையால் தடவிப் பார்த்தார். கப் போயிருந்தால் ஹப்பையே மாற்ற வேண்டும். பின்பக்கக் கோனில் முனை தட்டித் தட்டி நின்றது. கப்பில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"கப் நல்லாருக்கு. கோனும் குண்டும் மாத்துனா போதும்."

சில குண்டுகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்றேன். "பழசையும் புதுசையும் கலக்கக் கூடாது தம்பி. பழசு தேஞ்சிருக்கும், மொத்த பாரமும் புதுசு மேல விழும்" என்றார். கப்பில் கிரீஸைத் தடவி, ஒவ்வொரு குண்டாகப் பதித்தார். நடுவில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அது இருந்தால்தான் உருளுமாம்.

கோனை இறுக்கினால் சக்கரம் ஓடாது, தளர்த்தினால் ஆடும். மூன்று முறை மாற்றி மாற்றி வைத்தார். கடைசியில் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டார். ஓய்ந்துவந்த சக்கரம், காற்றடிக்கும் வால்வின் எடைக்கு முன்னும் பின்னும் ஊஞ்சலாடி, வால்வு அடியில் வந்ததும் நின்றது. "இதான் பதம்!"

எங்கள் ஊர் திருவையாற்றைத் தாண்டி. சைக்கிளிலேயே கிளம்பினேன். இந்தப் பக்கம் தரை முழுக்கச் சமம். பாலம் ஏறுவதுதான் மேடு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்து, இரண்டு பக்கமும் குறுவை நடவு முடிந்திருந்தது. ஒவ்வொரு பாலத்தின் இறக்கத்திலும் பெடலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினேன். ஃபிரீவீலின் 'டிக் டிக்' மட்டும்தான் கேட்டது.

வாசலில் நின்ற அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை வாங்கி, ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மறுநாள் பழைய இரும்புக்காரர் பழுதான மோட்டாரை மட்டும் எடுத்துப் போனார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் கிடக்கிறதா? எடைக்குப் போடும் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் ஹப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியது சில குண்டுகள் மட்டுமாகவே இருக்கலாம். அப்புறம் ஒன்று... ஆற்றில் இறக்கிக் கழுவாதீர்கள்!