சொல்ல ஆளில்லை

ரஷ்ய மொழி படிக்கப் போகிற பிள்ளைகள் மிரள்வது அதன் ஆறு வேற்றுமைகளைப் பார்த்துத்தான். 'யாரும் இல்லை' என்கிற சொல்லைக்கூட அவை விட்டுவைப்பதில்லை. எழுவாயாக நின்றால் நிக்தோ. யாரையும் என்றால் நிகவோ, யாருக்கும் என்றால் நிகமூ. 'யாரோடும்' என்று வந்தாலோ சொல்லே பிளந்து, 'ஓடு' நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்: நி ஸ் கேம். யாரும், யாரையும், யாருக்கும் என்று பிறந்ததிலிருந்து பேசும் நமக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. 'யாருக்கும் ஒன்றும் தெரியாது' என்பதற்கு நிக்தோ நிச்சிவோ நி ஸ்னாயெத் என்பார்கள். மூன்று இடத்தில் மறுப்பு, மொத்தத்தில் ஒரே 'இல்லை'. கணக்கு வாத்தியார்கள் சண்டைக்கு வரக்கூடாது.

இளையவர்களை நான் நிறுத்தி வைத்துக் காட்டுவது வேறோர் இடம். நிகமூவில் அழுத்தம் கடைசியில் விழும். அந்த 'நி'யை 'நே' ஆக்கி, அழுத்தத்தை முன்னால் கொண்டுவந்தால் நேகமு. காதுக்கு நூலிழை வித்தியாசம்தான். முன்னதை வைத்து 'அவன் யாருக்கும் சொல்லவில்லை' என்கிறார்கள். ஆட்கள் இருந்தார்கள், அவன்தான் வாய் திறக்கவில்லை. பின்னது, 'அவனுக்குச் சொல்ல ஆளில்லை'. இங்கே எழுவாயாக இருந்த 'அவன்', 'அவனுக்கு' என்று இறங்கிவிடுகிறான். இந்தப் பொருளில் 'நே' சொல்லுக்கு எழுவாய் வடிவமே கிடையாது. நேக்தோ என்று ஒரு சொல் உண்டு, ஆனால் அதற்கு 'யாரோ ஒருவர்' என்று பொருள்.

செகாவ் 1886இல் எழுதிய 'தஸ்கா' கதை முழுக்க இந்த நேகமுதான். பீட்டர்ஸ்பர்க்கில் பனி கொட்டும் மாலை. வண்டிக்காரர் அயோனாவின் மகன் அந்த வாரம்தான் செத்துப்போயிருக்கிறான். வண்டியில் ஏறிய ராணுவக்காரரிடம் சொல்லிப் பார்க்கிறார். அடுத்து ஏறிய மூன்று இளைஞர்கள் அவரை விரட்டுகிறார்கள், ஒருவன் அடிக்கவும் செய்கிறான். கொட்டடியில் தண்ணீர் குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரன், பேச்சு முடிவதற்குள் தூங்கிப்போகிறான். கடைசியில் லாயத்துக்குப் போய்த் தன் குதிரையிடம் சொல்கிறார். ஊரே அவரைக் கடந்து போன பிறகு வேறு என்ன செய்வார்?

சமீபத்தில் நண்பரின் மகன் ஒருவன் குறைப்பட்டுக்கொண்டான்: "அப்பா ரொம்ப அழுத்தம் மாமா. எதையும் யார்கிட்டேயும் சொல்றதில்லை." வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டேன். "எங்கே நேரம்? வரவே பத்தாயிடுது" என்றான். ரஷ்யனாக இருந்தால் நேகக்தா என்றிருப்பான். அதுவும் இந்த 'நே' குடும்பம்தான்.