பலகைக்கட்டையும் புதிய மூட்டும்

பூநகரியில் எமது இல்லத்து வாழ்வு நிலத்தோடு ஒட்டியது. பாயில் உறங்குவோம், பலகைக்கட்டையில் அமர்ந்து உண்போம், மொட்டைக்கறுப்பன் அரிசியைக் குந்தியிருந்தே புடைப்போம். அவ்வழக்கமே எம் அன்னையாருக்கு இடராகுமென நாம் கனவிலும் கருதவில்லை.

அன்னையாரின் இடுப்பு மூட்டு பல்லாண்டுகளாகத் தேய்ந்து, படலையடிவரை நடப்பதும் பெரும்பாடாயிற்று. சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்திற்கு அழைத்துச் சென்றோம். செயற்கை மூட்டுப் பொருத்தலாம் என்றார் வைத்தியர்.

“ஐயா, எலும்பை வெட்டினாப் பிறகு எப்பிடி நடக்கிறது?” என்று அன்னையார் வினவினார்.

வைத்தியர் பொறுமையோடு விளக்கினார். தொடை என்பின் பந்து போன்ற தலையை வெட்டி அகற்றுவர். இடுப்பென்பிலுள்ள குழியைச் சீராகக் கடைந்து புதிய கிண்ணமொன்றைப் பதிப்பர். தொடை என்பின் உட்குழலில் உலோகத் தண்டைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பந்தைக் கிண்ணத்துள் பொருத்துவர்.

இன்றைய முறைக்கு வழிகோலியவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஜோன் சார்ன்லி. அவர் முதலிற் பொருத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து தோல்வியுற்றன. மனந்தளராது, 1962 நவம்பரில் உறுதிமிக்க பொலித்தீன் வகையாலான கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். அப்பொருள்களைத் தம் தொடையிலேயே புகுத்திச் சோதித்த பெருந்தகை அவர்.

கிருமி தொற்றலாம், காலின் நாளத்தில் இரத்தம் உறையலாம், கால்களின் நீளம் வேறுபடலாம், ஆண்டுகள் பல சென்றபின் மூட்டுத் தளரலாம். இவற்றையெல்லாம் வைத்தியர் முன்னரே கூறினார். மூட்டு நழுவுதலைப் பற்றி இருமுறை எச்சரித்தார். பின்புறமாகத் திறந்து செய்யும் சிகிச்சையில் சில தசைகளை வெட்டித் தைப்பதால், அவை ஆறும்வரை தாழ்ந்த இருக்கையில் அமர்தலும், குனிதலும், கால்மேற் கால் போடுதலும் ஆகா என்றார். படங்களோடு தந்த தாளை நாம் நாட்காட்டியின் பின்னே செருகி வைத்தோம், அத்தோடு மறந்தோம்.

ஐந்தாம் வாரம். அன்னையார் ஊன்றுகோலுடன் முற்றத்தில் உலாவுவதைக் கண்டு மகிழ்ந்திருந்தோம். “பிள்ளை, உந்தச் சுளகை எடுத்துத் தா, சும்மா இருக்கேலாமல் கிடக்கு” என்றார். கேட்டதை மறுக்க மனமின்றிப் பலகைக்கட்டையையும் இட்டுக் கொடுத்தோம். சிந்திய அரிசியை அள்ளக் குனிந்தவர் அலறினார். கால் குறுகி உட்புறமாகத் திரும்பியிருந்தது.

மீண்டும் அதே பாலம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அன்னையார் எம் கையை இறுகப் பற்றினார். மயக்கமருந்து கொடுத்து மூட்டைத் தானத்தில் அமர்த்தினர். “பிள்ளையளிலை பிழையில்லை, நான்தான் கேட்டனான்” என்று அவர் வைத்தியரிடம் சொன்னபோது நாம் தலைகுனிந்து நின்றோம். பிழை எம்முடையதே.

வீடு திரும்பியபின் பலகைக்கட்டையைப் பரணில் ஏற்றினோம். உயரமான கதிரை வந்தது. மலகூடத்தில் உயர்ந்த இருக்கை அமைந்தது. படுக்கையில் கால்களுக்கிடையே தலையணை இடம்பெற்றது. நாட்காட்டியின் பின்னிருந்த தாள் சுவரின் முன்னே வந்தது.

எந்தக் கட்டுப்பாடு, எத்தனை வாரம் என்பன சிகிச்சை முறைக்கேற்ப வேறுபடும். அவரவர் வைத்தியரையே கேட்டறிதல் வேண்டும். நோயாளி வீடு வருமுன்னரே வீட்டைத் திருத்தி வைத்தல் மக்களின் கடன். இன்று அன்னையார் கதிரையில் நிமிர்ந்திருந்தே அரிசி புடைக்கிறார். சிந்துவதைக் குனிந்து அள்ளுவது எம் பணி.