ஷவரில் குளிக்கும் பன்றி!

கோபன்ஹேகனிலிருந்து மேற்கே, டென்மார்க்கின் ஜட்லாண்ட் பக்கம் பன்றிப் பண்ணைகள் ஜாஸ்தி. நாட்டின் ஜனத்தொகை சுமார் 60 லட்சம். பன்றிகளோ ஒரு கோடிக்கு மேல்!

கொட்டகைச் சுவரில் நிப்பிள் குழாய். பன்றி வாயால் அழுத்தினால் தண்ணீர் வரும். நம்ம தெருக் குழாய் மாதிரி வெறும் காற்று வராது. பால் கொடுக்கும் தாய்ப் பன்றிக்குத் தினம் 20 லிட்டருக்கு மேல் வேண்டும். தண்ணீர் மெதுவாக வந்தால் பொறுமையாக நிற்காது. 'போய்யா' என்று திரும்பிவிடும், தீனியும் குறையும். வேகமாக வந்தால் சிந்தி, சாணக் குழிக்குத்தான் போகும். அடியோடு நின்றுவிட்டால்? தீனியிலுள்ள உப்பே விஷமாகி, வலிப்பு வந்து செத்தே போகலாம்.

பன்றிக்கு அவ்வளவாக வியர்க்காது. அதனால் 20 கிலோவைத் தாண்டினால் ஷவரும் உண்டு, சட்டப்படி!

இனி மேனேஜர் 'பன்னி' என்று திட்டினால், 'எந்த ஊர்ப் பன்னி சார்?' என்று கேளுங்கள்.